சமதரை இல்லாத ஊர்

அத்தியாயம் 11

பள்ளிக்கூட வாசல் மேட்டில் கடுக்காய் ஏற மறுத்தது.

கடுக்காய் என்றால் கார். புங்கமரத்தூர் மலைப்பள்ளிப் பிள்ளைகள் எட்டு மாதமாகப் பாடுபட்டுச் செய்த ரேஸ் கார். ஒரே ஒரு ஆள் காலை நீட்டி உட்காரலாம், பேட்டரியில் ஓடும். மூங்கில் பிளாச்சை வளைத்துக் கட்டி, மேலே பழைய பேனர் துணியை இழுத்து ஒட்டி, பெயிண்ட் கடையில் யாரும் சீந்தாமல் கிடந்த ஒரு டப்பாவை வாங்கி அடித்தார்கள். மஞ்சளிலும் சேராமல் பழுப்பிலும் சேராமல் அசல் கடுக்காய் நிறம் வந்தது. பெயருக்காக அதற்கு மேல் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை.

உள்ளே ஹெல்மெட்டோடு பதினோராம் வகுப்பு கலைவாணி. பின்னால் கிரீஸ் அப்பிய கறுப்புக் கையோடு பன்னிரண்டாம் வகுப்பு பார்த்திபன், காவலூர்ப் பையன்.

“அமுத்து கலை.”

“அமுத்திக்கினு தான் கீறேன்.”

மோட்டார் முனகியது. சக்கரம் அரைச் சுற்று நகர்ந்து நின்றுவிட்டது.

“வுட்ரு, வுட்ரு. ஃப்யூஸ் போய்டும். எறங்கு, தள்ளிக்கலாம்.”

பத்து நாளுக்கு முன்பு இதே மேட்டில் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டு ஏறிய கார் இது. அப்போது அதன் பின்சக்கரத்தில் தட்டு அகலத்துக்குப் பெரிய பல்சக்கரம் இருந்தது. இப்போது இருப்பது சின்னது. மாற்றியவள் கலைவாணிதான். ஏன் மாற்றினாள் என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இந்த வாரம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலையில் தட்டையான ரோடு கிடையாது. ஒன்று ஏறும், இல்லையென்றால் இறங்கும். அந்த ஊரில் வண்டி நல்ல வண்டியா என்று பார்க்க ஒரே சோதனைதான், மேடு ஏறுகிறதா இல்லையா. கலைவாணியின் அப்பா ஆனந்தன் பதினாலு வருஷமாக மலையில் லோடு வண்டி ஓட்டுகிறவன். அவன்தான் காரைப் பார்த்துவிட்டு, “பின்னால பெரிய ஸ்பாக்கெட்டா போடுங்க, செவுத்துல கூட ஏறும்” என்றான். போட்டார்கள், ஏறியது. மலையே கைதட்டியது.

போட்டி நடப்பதோ கீழே, சமதரையில். இது எட்டு மாதத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. போன சனிக்கிழமை தகுதிச் சுற்றுக்கு இறங்கினார்கள். ஐந்து கிலோமீட்டரைப் பத்து நிமிடத்தில் முடிக்க வேண்டும். கடுக்காய் பதினேழரை நிமிடம் எடுத்துக்கொண்டது. பக்கத்தில் சைக்கிளில் வந்த ஒரு பொடியன் அதை முந்திக்கொண்டு போனான்.

போட்டியை நடத்துகிற குணசீலன் சிரித்துக்கொண்டே கேட்டார். “யாரும்மா இந்தப் பல்சக்கரத்தப் போடச் சொன்னது?”

கலைவாணிக்கு அவமானமாக இருந்தது. வாய் முந்திக்கொண்டது. “எங்கப்பா தான் சொன்னாரு.”

வேலி ஓரம் நின்ற ஆனந்தனை நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். “மலையில மூட்டை ஏத்தறவர் கிட்ட ரேஸ் கார பத்திக் கேட்டா இப்படித்தாம்மா” என்றார் குணசீலன். அவர் கெட்டவர் இல்லை. தான் சொல்வதெல்லாம் நல்லதுக்கே என்று நம்புகிற ரகம், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஒரு வாரம், அப்பாவும் மகளும் பேசவில்லை.

இன்று நாலு மணிக்கு மறு வாய்ப்பு. இதிலும் தவறினால் கடுக்காய் ஷெட்டில் கிடக்க வேண்டியதுதான். அதற்கும் குணசீலன் ஒரு வழி எழுதி அனுப்பியிருந்தார். “பொண்ணு வெயிட்டு கம்மி, தைரியமா ஓட்டுது. கீழ்ப் பள்ளிக்கூடத்துக் காரை ஓட்டட்டும். உங்க கார் வேணாம்.” இயற்பியல் ஆசிரியை மஞ்சுளா இதைப் படித்துக் காட்டியதும், “கார் இல்லாம நான் மட்டும் எதுக்கு டீச்சர் போவணும்?” என்று கலைவாணி ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

ரோட்டுக்கு எதிரே வீட்டு வாசலில் ஆனந்தன் புளி மூட்டைகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். கார் மேட்டில் தவிப்பதை ஓரக்கண்ணால் பார்த்தான்.

“ஊரு மேட்டையே ஏறாத வண்டி, ரேஸுக்குப் போவுதாம்” என்றான் மூட்டையிடம்.

மூட்டை பதில் சொல்லவில்லை. அவன் மனைவி பச்சையம்மா சொன்னாள்.

“மாமா, மூட்டைய எறக்கு. கார ஏத்தணும்.”

“இன்னிக்குச் செங்கம் போவணும்.”

“புளி இன்னிக்குப் போனாலும் புளி தான், நாளைக்குப் போனாலும் புளி தான்.”

“ராஜேந்திரன் வரச் சொல்லிக்கீறான்.”

பச்சையம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். ராஜேந்திரன் செங்கத்தில் பழைய வண்டி வாங்கி விற்கிறவன். “அவங்கிட்ட உனக்கு இன்னா வேலை?”

ஆனந்தன் கயிற்றை இழுத்துக் கட்டுவதில் மும்முரமானான். பச்சையம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவன் கட்டிய கயிற்றை அவிழ்த்து, முதல் மூட்டையை இடுப்பில் வாங்கி வாசலில் போட்டாள். அடுத்தது. அதற்கடுத்தது.

“ஏய், இன்னாடி பண்ற?”

“அவ வாய் தவறிட்டா, நீ வாயே தொறக்க மாட்டேன்ற. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு வாரமா நான் ஆளுக்கொரு தட்டுல சோறு போட்டுக்கினு கீறேன். இன்னிக்கு இந்தக் கார் கீழ போவும். உன் வண்டியில போவும்.”

கலைவாணி காரை ரோட்டோரம் நிறுத்தினாள். அப்பாவைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னாள். “அவர கெஞ்சாதம்மா. பதினாலு வளைவு தானே, எறக்கம் தானே. பிரேக் புடிச்சிக்கினே உருட்டிக்கினு போய்டறேன்.”

அவள் செய்யக்கூடியவள். அது ஆனந்தனுக்கு எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். ஒரு நிமிடம் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு பின்கதவைத் தடாலென்று இறக்கினான். “அந்தப் பலகைய எடு” என்றான், பார்த்திபனைப் பார்த்து.

கார் ஏறியது. பெரிய பல்சக்கரத்தையும் சாக்கில் போட்டு ஏற்றினார்கள். திரும்பி வந்து இந்த வாசல் மேட்டை ஏற அது வேண்டும்.

கிளம்பும் முன் ஆனந்தன் குனிந்து, முன்சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த கல்லை எடுத்து சீட்டுக்கு அடியில் வைத்தான். ஒரு பக்கம் தட்டையான கறுப்புக் கல். மலையில் கல் வைக்காமல் யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. சின்ன வயதில் கலைவாணிக்கு அப்பாவோடு போனால் அதுதான் வேலை. வண்டி நின்றதும் குதித்து கல் வைப்பாள், கிளம்பும்போது கல்லை எடுத்துக்கொண்டு ஏறுவாள். பதினாலு வருஷத்தில் டயர் எத்தனையோ மாறிவிட்டது. அந்தக் கல் மாறவில்லை.

*

வண்டி மலையிறங்கியது, பின்னாலேயே மஞ்சுளா டீச்சரின் ஸ்கூட்டர். ஆனந்தனின் போன் இரண்டு தரம் அடித்தது. ஒன்பதாவது வளைவில் வண்டியை ஓரம்கட்டி, கீழே இறங்கி, தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வந்தான்.

“யாரு?”

“ஆளு.”

பச்சையம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தகுதிச் சுற்று நடந்த இடம், செங்கம் சாலையில் மலையடிவாரத்தில் புதிதாகப் போட்ட மனைப்பிரிவு. வீடு ஒன்றுகூட வரவில்லை. மஞ்சள் பெயிண்ட் அடித்த எல்லைக் கற்களும், நடுவே வழுவழுவென்று தார் ரோடும்தான். சுற்றி வந்தால் சரியாக ஒரு கிலோமீட்டர். மலைப் பிள்ளைகளுக்கு அந்த ரோட்டைப் பார்த்தாலே பொறாமையாக இருந்தது. அவர்கள் ஒரு வாரமாகச் சின்னப் பல்சக்கரத்தைச் சோதித்தது மலைமேல் இருக்கிற ஹெலிகாப்டர் தளத்தில். யாரோ ஒரு பெரியவர் வரப்போகிறார் என்று எப்போதோ கட்டினார்கள். அவரும் வரவில்லை, ஹெலிகாப்டரும் வரவில்லை. ஊரார் சாமை காயவைத்துக்கொள்கிறார்கள். பார்த்திபன் தள்ளிக் கிளப்பிவிட, சாமைக்கு நடுவே வட்டம் அடித்து அடித்துக் கலைவாணிக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம்.

அலங்கார வளைவுக்கு வெளியே ஆனந்தன் வண்டியை நிறுத்தினான். இறங்கி, பழக்கத்தில், சக்கரத்துக்குக் கல் வைத்தான்.

“நான் உள்ள வரல. நீங்க போங்க.”

கலைவாணி ஒரு கணம் நின்றாள். மன்னிச்சிடுப்பா என்று சொல்ல நா எழவில்லை. தனியே இங்கே சொல்வதில் என்ன இருக்கிறது, நாற்பது பேர் எதிரே விட்ட வார்த்தையை நாற்பது பேர் எதிரேதான் திரும்ப எடுக்க வேண்டும் என்று நினைத்தாள். அதனால் பேசாமல் காரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அப்போதே சொல்லியிருந்தால் இந்த வாரக் கதையே வேறு.

குணசீலன் கையில் கடிகாரத்தோடு வரவேற்றார். “வாம்மா. இன்னிக்கு சின்னது போட்டிருக்கீங்க போல. புத்தி வந்துதே.”

மஞ்சுளா டீச்சர் முகம் சிவந்தது. அவரும் அடிவாரத்துக்காரர்தான், ஆனால் ஆறு வருஷமாக மலையில் இருந்து அந்தப் பிடிவாதம் ஒட்டிக்கொண்டுவிட்டது. “விதியச் சொல்லுங்க சார். நேரமாவுது” என்றார்.

விதி சுலபம். கார் தானாகக் கிளம்ப வேண்டும், ஒருவர் கையும் படக்கூடாது. முன்சக்கரம் வெள்ளைக் கோட்டைத் தொட்டதும் கடிகாரம் ஓடும். ஐந்து சுற்று, பத்து நிமிடம். ஐந்து மணிக்குள் இரண்டு முறை முயலலாம்.

முதல் முயற்சி மூன்று விநாடியில் முடிந்தது. கலைவாணி அழுத்தினாள். மோட்டார் முனகியது. டப் என்று ஒரு சத்தம் வந்து எல்லாம் அடங்கிப்போனது.

பார்த்திபன் மூடியைத் திறந்து பார்த்தான். “ஃப்யூஸ் போச்சு. சின்ன ஸ்பாக்கெட்டுக்கு மொத இழுப்பு தாங்கல. ஓடிட்டா ஓடிடும் கலை, கெளம்பறது தான் கஷ்டம்.”

“வேற எத்தினி கீது?”

“ஒன்னே ஒன்னு.”

இதுதான் நிலைமை. நின்ற இடத்திலிருந்து மறுபடியும் அழுத்தினால் மறுபடியும் போகும். தள்ளிவிட்டால் விதி மீறல். பெரிய பல்சக்கரம் போட்டால் கிளம்பும், பதினேழரை நிமிடம் ஆகும். கலைவாணி ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அழுகை வந்தது. இந்த ஊரில் அழக்கூடாது என்று விழுங்கினாள்.

ஃப்யூஸ் மாற்றும்வரை கார் கோட்டுக்குப் பின்னால் நின்றது. முன்சக்கரத்துக்கு அடியில் பிள்ளைகள் காருக்கென்று தனியாகக் கொண்டுவந்த கல். போன வாரமும் அதைப் பார்த்துக் கீழ்ப் பள்ளிப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்று ஒருவன் பக்கத்தில் வந்தான்.

“இங்க எதுக்குக் கல்லு? இது என்ன மலையா?” என்று காலால் எத்திவிட்டான்.

கல் உருண்டு போனது. கார் ஒன்றும் ஆகாதது போல நின்றது. பிறகு மெள்ள, மிக மெள்ள, சுவரில் பல்லி நகர்கிற வேகத்தில், தானாக முன்னே வந்தது. ஒரு சாண். ஒரு முழம்.

பார்த்திபன் பதறிப் பிடிக்கப் போனான்.

“தொடாத” என்றாள் கலைவாணி.

உள்ளே உட்கார்ந்தபடியே அவள் பின்னால் திரும்பி அந்த ரோட்டைப் பார்த்தாள். மற்றவர்களுக்கு அது தட்டையான ரோடு. அவளுக்கும் இந்த நிமிடம் வரை அப்படித்தான் இருந்தது. மலையில் பிறந்தவளுக்குக் கீழே இருப்பதெல்லாம் தட்டையாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. இப்போது கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். மழைத் தண்ணீர் ஏரிப் பக்கம் ஓடுவதற்காக ரோட்டை ஒரு பக்கமாகச் சரித்துப் போட்டிருந்தார்கள். கோட்டுக்குப் பின்னால் எண்பது தப்படி வரைக்கும் ரோடு கண்ணுக்குத் தெரியாமல் ஏறிப் போனது.

இறங்கினாள். கல்லைத் தேடி எடுத்தாள். “பார்த்தி, கார பின்னால தள்ளு. ஏத்தம் முடியற வரைக்கும்.”

“எங்கம்மா போறீங்க? கோடு இங்க இருக்கு” என்றார் குணசீலன்.

“கோட்ட தாண்டும்போது கடிகாரத்த ஓட்டுங்க சார். அதுக்கு முன்னால கார் எங்க நிக்கணும்னு விதியில கீதா?”

குணசீலன் தாளைப் புரட்டினார். மஞ்சுளா டீச்சர் ஏற்கெனவே புரட்டி முடித்திருந்தார். “இல்ல சார். நான் மூணு தடவ படிச்சிட்டேன்.”

“கார் தானா கெளம்பணும்னு இருக்கே.”

“தானா தான் கெளம்பும்” என்றாள் கலைவாணி. “நாங்க யாரும் தொட மாட்டோம். கல்ல மட்டும் எடுப்போம். கல்லு கார்ல சேத்தி இல்ல.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். இந்த முறை சிரிப்பு குணசீலன் பக்கம் போனது. அவர் கையை விரித்து, சரி என்று தலையாட்டினார்.

ஏற்றம் முடியும் இடத்தில் கார் நின்றது. பச்சையம்மாவே குனிந்து கல்லை எடுத்தாள். கலைவாணி பிரேக்கை விட்டாள். கடுக்காய் நகர்ந்தது. நடை வேகம், பிறகு வேக நடை, பிறகு ஒரு ஆள் ஓடுகிற வேகம். கோட்டுக்குப் பத்தடி இருக்கும்போது அழுத்தினாள். மோட்டார் முனகவில்லை, பாடியது.

“போச்சா? ஃப்யூஸ் போச்சா?” என்று பச்சையம்மா கேட்டாள்.

“இல்லம்மா, ஓடுது” என்றான் பார்த்திபன்.

ரோடு சரிந்த பக்கம் காலை எடுத்தாள், ஏறிய பக்கம் விடாமல் ஒரே சீராக அழுத்தினாள். முதல் சுற்று இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். இரண்டாவது சரியாக இரண்டு. மூன்றாவதில் வேலி ஓரம் சத்தம் கிளம்பியது. கல்லை எத்திய பையனும் கத்திக்கொண்டிருந்தான். ஐந்தாவது முடிந்து கோட்டைத் தாண்டும்போது கடிகாரம் ஒன்பது நிமிடம் நாற்பத்தொரு விநாடி காட்டியது.

மஞ்சுளா டீச்சர் பச்சையம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். பச்சையம்மா அழவில்லை. அவள் கண் அலங்கார வளைவுக்கு வெளியே ஆனந்தனைத் தேடியது. கூட்டம் மறைத்தது.

குணசீலன் கைகுலுக்கினார். நல்ல மனதோடுதான் குலுக்கினார். “பாத்தியாம்மா. அந்தப் பெரிய பல்லத் தூக்கிப் போட்டதும் எப்படி ஓடுது.”

கலைவாணி கையை விடுவித்துக்கொண்டாள். ஒரு வாரமாக நெஞ்சில் வைத்திருந்ததைச் சொல்ல இதுதான் இடம். வேண்டுமென்றே குரலை உயர்த்தினாள்.

“தூக்கிப் போடல சார். எங்க வண்டியில தான் கீது. எங்க ஊருக்கு அது தான் சரி. எங்கப்பா சொன்னதுல தப்பே இல்ல. சமதரையில ஓடற போட்டின்னு அவருகிட்ட நாங்க சொல்லவே இல்ல. தப்பு எங்களுது. போன வாரம் அவர கைகாட்டனது என் தப்பு.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “சந்தேகம் இருந்தா இங்க கீற எல்லாக் காரையும் இட்டுக்கினு எங்க ஊருக்கு வாங்க. பள்ளிக்கூட வாசல் வரைக்கும் எது ஏறுதுன்னு பாப்போம்.”

நாற்பது பேரும் கேட்டார்கள். குணசீலன் இறுதிப் போட்டிக்கான படிவத்தை நீட்டினார். “இதுல அப்பா கையெழுத்து வேணும்.”

படிவத்தில் ‘தந்தை’ என்று மட்டும் அச்சடித்திருந்தது. பச்சையம்மா எட்டிப் பார்த்தாள். “அம்மாவுக்கு எடம் இல்லியா?”

“அச்சடிச்சது அப்படிங்க.”

“பேனா குடுங்க.” தந்தை என்ற வார்த்தைக்கு மேல் நேராக ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில், மகளிர் குழுவில் கற்றுக்கொண்ட கையெழுத்தை அவசரப்படாமல் எழுத்துக் கூட்டிப் போட்டாள். “அவரு கையெழுத்தும் வேணும்னா வெளிய தான் கீறாரு. கீழ கொஞ்சம் எடம் வுட்டுக்கீறேன்.”

கலைவாணி அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வளைவை நோக்கி ஓடினாள். அப்பா கேட்டிருப்பார். கேட்காமலிருந்தால் மறுபடியும் கத்திச் சொல்லலாம்.

வளைவுக்கு வெளியே வண்டி இல்லை.

கல் மட்டும் இருந்தது. ஒரு பக்கம் தட்டையான கறுப்புக் கல். வண்டி நின்ற இடத்தில், யாரோ பார்த்து வைத்தது போல, ரோட்டை விட்டுத் தள்ளி ஓரமாக இருந்தது. பக்கத்தில் பல்சக்கரம் இருந்த சாக்கு.

பச்சையம்மா வந்து சேர்ந்தாள். போன் போட்டாள். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அணைத்து வைத்திருந்தது.

“அவசரத்துல மறந்துட்டு போய்ட்டாரா?” என்றான் பார்த்திபன்.

“கல்ல மறக்கற ஆளு இல்ல” என்றாள் பச்சையம்மா. ராஜேந்திரன் பெயரை அவள் சொல்லவில்லை. சொல்லாமலே கலைவாணிக்குப் புரிந்தது. வண்டியே இல்லை என்றாகிவிட்டவனுக்குக் கல் எதற்கு?

*

மலைக்குப் போகும் பஸ் ஆறு மணிக்கு. ஆட்கள் ஏறிக்கொள்ளலாம். கார்?

“எங்க ஸ்கூல் ஷெட்டுல விடுங்க. இறுதிப் போட்டி வரைக்கும் பத்திரமா இருக்கும்” என்றார் குணசீலன்.

“வேணாம் சார். எங்க கார் எங்க ஊருக்கு வரும்” என்றாள் கலைவாணி. சாக்கை அவிழ்த்தாள். “பார்த்தி, ஸ்பானர் குடு.”

மஞ்சுளா டீச்சர் ஒரேயடியாக மறுத்தார். பொழுது இறங்கும் நேரம், மலை ரோடு, பஸ் வரும் லாரி வரும், பள்ளிக்கூடத்துக்கு யார் பதில் சொல்வது. எல்லாம் நியாயம். பச்சையம்மா நடுவில் வந்தாள். மூன்றாவது வளைவில் அவள் தம்பி காசியின் பஞ்சர் கடை இருக்கிறது. அதுவரைக்கும் போகட்டும், டீச்சர் ஸ்கூட்டரில் பின்னாலேயே விளக்கு காட்டிக்கொண்டு வரட்டும், காரைத் தம்பி கடையில் போட்டுவிட்டு விடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம்.

“மூணாவது வளைவு. அதுக்கு மேல ஒரு அடி கூட கெடையாது” என்றார் டீச்சர்.

இருபது நிமிடத்தில் பெரிய பல்சக்கரம் ஏறியது. கீழ்ப் பள்ளிப் பையன்கள் இரண்டு பேர் செயினைப் பிடித்துக் கொடுத்தார்கள், கல்லை எத்தியவன் அதில் ஒருவன். பார்த்திபன் பஸ்ஸில் போனான். பச்சையம்மா டீச்சர் பின்னால் உட்கார்ந்தாள். அப்பாவின் கல்லை மடியில் வைத்துக்கொண்டு கலைவாணி அழுத்தினாள்.

கடுக்காய் மலை ஏறியது.

வேகம் ஒன்றும் இல்லை, சைக்கிள் வேகம்தான். ஆனால் நிற்கவில்லை, முனகவில்லை. முதல் வளைவில் எதிரே வந்த லாரிக்காரன் நிறுத்தி, தலையை வெளியே நீட்டிப் பார்த்தான். இரண்டாவது வளைவில் கலைவாணிக்குக் கண் மறைத்தது. செவுத்துல கூட ஏறும் என்று சொன்னவர் இதைப் பார்க்க இல்லையே என்று வாய்விட்டே அழுதாள். ஹெல்மெட்டுக்குள் யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது வளைவில் காசி கடைக்கு வெளியே நின்றிருந்தான். காரை அவன் ஆச்சரியமாகப் பார்க்கவில்லை. அவன் முகமே சரியில்லை.

“அக்கா, மாமா வண்டி எங்க?”

பச்சையம்மா ஸ்கூட்டரிலிருந்து இறங்கினாள். “ஏன்டா?”

“கால் மணி நேரம் முன்னாடி மாமா இப்படிப் போனாரு. நடந்து போறாரு. கூப்ட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல.”

பச்சையம்மா கடைவாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பதினாலு வருஷத்தில் ஆனந்தன் அந்த மலையை நடந்து ஏறியதில்லை.

மஞ்சுளா டீச்சர் மெதுவாகக் கார் பக்கம் வந்தார். “கலை, எறங்கு. மூணாவது வளைவுன்னு தான் பேச்சு. நான் ஸ்கூட்டர்ல போய்ப் பாக்கறேன்.”

கலைவாணி பேட்டரி மீட்டரைப் பார்த்தாள். பாதிக்கு மேல் இருந்தது. இன்னும் பதினோரு வளைவு.

“இல்ல டீச்சர். நீங்க பின்னாலயே விளக்க காட்டுங்க” என்றாள். “எங்கப்பா கல்ல வுட்டுட்டு போய்ட்டாரு. குடுத்துட்டு வர்றேன்.”